பெண் வாக்காளர் கழகம்: நிலைப்பாடு எடுக்கும் முறை

பெண் வாக்காளர் கழகம், பெண்கள் வாக்குரிமைப் போராளி கேரி சாப்மன் காட் முன்முயற்சியில் 1920-இல் சிகாகோவில் தொடங்கிய அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு. எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் ஆதரிக்காது. கொள்கைகளுக்காக மட்டும் குரல் கொடுக்கும். எந்தக் கொள்கை என்பதைத் தலைமை தன் விருப்பப்படி முடிவு செய்துவிட முடியாது. கழகத்தின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது.

ஆராய வேண்டிய பிரச்சினைகளை உள்ளூர்க் கிளைகள் முன்மொழியும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் தேசிய மாநாட்டில் கிளைப் பிரதிநிதிகள் அவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த பிரச்சினைக்கென அமைக்கப்படும் ஆய்வுக் குழு அதன் சாதக பாதகங்களைத் தொகுத்து, கேள்விகளோடு கிளைகளுக்கு அனுப்பும்.

கிளைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள். ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். கை தூக்கச் சொல்லி எண்ணுவதில்லை. எல்லோரும் ஒத்துப்போயாக வேண்டும் என்பதும் இல்லை. பேசித் தீர்த்தபின் கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே பதிவாகும். வாக்கெடுப்பில் தோற்றவர்கள் என்று யாரும் மிஞ்சாத இந்த வழி மெதுவானது, ஆனால் மதிக்கத்தக்கது. கிளைகளின் பதில்களைச் சேர்த்துப் படித்து, தேசிய வாரியம் நிலைப்பாட்டை எழுதும். உடன்பாடு தென்படாவிட்டால் நிலைப்பாடும் இல்லை.

நிலைப்பாடு வந்தபின் எந்தக் கிளையும் கழகத்தின் பெயரால் அதை எதிர்க்கக் கூடாது. உறுப்பினர் தன் சொந்தப் பெயரில் எதிர்க்கலாம்.