கஞ்சி: வடித்ததும் காய்ச்சியதும்

ஆம்பூர் என்று சொன்னதும் பிரியாணி நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பிரியாணி விருந்தாளிக்கு. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால், ரமலானில் நோன்பு திறக்கும் நேரம் நெருங்கினால், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் அடுப்பில் ஏறுவது கஞ்சி. பாலாற்றங்கரையின் தோல் தொழில் ஊர்கள் இவை. இங்கே தமிழ் பேசும் வீடும் உருது பேசும் வீடும் சுவரோடு சுவர். இரண்டு வீட்டிலும் கஞ்சிக்குக் கஞ்சி என்றே பெயர். உருதுக்காரர்கள் வாயில் முதலெழுத்து சற்று அழுத்தமாக, ‘கங்கை’யின் க போல ஒலிக்கும், அவ்வளவுதான். கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே ஒலிப்பு. மலையாளத்தில் கஞ்ஞி. வடமொழியில் காஞ்சிகம் என்றால் புளித்த கஞ்சி. தெற்கிலிருந்து போன சொல் என்பதே மொழியியலாளர் பலர் கருத்து. அந்தப் புளிப்பை வடநாடு இன்னும் விடவில்லை: கருப்புக் கேரட்டும் கடுகும் போட்டுப் புளிக்கவைத்து ஹோலியை ஒட்டிக் குடிக்கும் பானத்துக்கு அங்கே காஞ்சி என்று பெயர்.

சொல்லின் பழைய பொருளைப் பிடிக்க அதனோடு வரும் வினையைப் பார்க்க வேண்டும். கஞ்சிக்கு இரண்டு வினைகள்: வடிப்பது, காய்ச்சுவது. முந்தியது வடிப்பது என்றே நினைக்கிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் வரும் கஞ்சி, காவிரிப்பூம்பட்டினத்து அட்டில்களில் சோறு வடித்த கஞ்சி. அது ஆறாக ஓடித் தெருவில் பரவுகிறது, காளைகள் அதில் மோதிச் சேறாக்குகின்றன, தேர்கள் ஓடி அந்தச் சேறும் தூளாகிறது. ஊரின் வளத்தைக் காட்டப் புலவர் எடுத்துக்கொண்டது சோற்றை அல்ல, சோற்றிலிருந்து வெளியே ஊற்றியதை. அன்றைய கஞ்சி ஓர் உணவுப் பண்டமே அல்ல; மிச்சம்.

அந்த மிச்சத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர்களைக் கேட்டால் கஞ்சி என்பது பாவுக்குப் போடுவது. நூல் முறுக்கவிழாமல், தறியில் அறுந்துபோகாமல் நிற்பதற்கான பசை. வேட்டிக்குக் கஞ்சி போடுவதும் அந்த வழியில் வந்ததுதான். மலாய்க்கும் இந்தோனேசிய மொழிக்கும் கடல் கடந்து போன ‘காஞ்சி’க்கும் மாவுப்பசை என்றே பொருள், கடைகளில் மரவள்ளி மாவை அந்தப் பெயரில் விற்கிறார்கள். சுமத்ராவின் அச்சே பகுதியில் அது உணவாகவும் நிற்கிறது. அங்கே ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் மசாலா சேர்த்துக் காய்ச்சி வழங்கும் அரிசிக் கூழின் பெயர் காஞ்சி ரும்பி. ஆம்பூர்க்காரர் ஒருவரை அங்கே உட்காரவைத்தால் கேள்வி கேட்காமல் குடிப்பார்.

மேற்கே போன கதை வேறு மாதிரி. 1563-இல் கோவாவில் அச்சான தம் மூலிகை நூலில் கார்சியா டா ஓர்த்தா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர் காலராவைப் பற்றி எழுதும்போது, நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீர் கொடுக்கிறார்கள், அதைக் ‘காஞ்ஜெ’ என்கிறார்கள் என்று குறித்து வைத்தார். பின்னால் அது ‘காஞ்ஜா’ ஆகி, போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் கோழியும் அரிசியும் போட்ட சூப்பின் பெயராக நிலைத்துவிட்டது. சளி பிடித்தவருக்கு அங்கே அம்மாக்கள் கொடுப்பது அதுதான். எளிதாகத் தொண்டையில் இறங்குவதாலோ என்னவோ, ‘அது காஞ்ஜா’ என்றால் அந்த மொழியில் ‘சுலபமான வேலை’ என்றும் பொருள். போர்ச்சுகீசிய அகராதிகள் இந்தச் சொல்லுக்கு மலையாளத்தைக் கைகாட்டுகின்றன. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இன்றைய மலையாளத்தில் ‘ஞ்ஞ’ ஒலிக்கிறதே தவிர ஜகரம் இல்லை. கன்னடத்தில் ஜகரம் உண்டு, முதலெழுத்து ஒத்துவரவில்லை. இரண்டும் ஒருசேரப் பொருந்துவது தமிழ் உச்சரிப்பில்தான்.

ஆங்கிலேயர் இதைக் ‘காஞ்ஜீ’ என்று எடுத்துக்கொண்டு, சீனர்களின் அரிசிக் கூழுக்கும் அந்தப் பெயரையே சூட்டினார்கள். ஹாங்காங் ஓட்டல்களில் காலையில் விற்பது சீனப் பண்டம், பெயர் நம்முடையது. 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இன்னொரு வழக்கையும் தருகிறது: படைப்பிரிவுகளில் சிப்பாய்களை அடைத்துவைக்கும் காவலறைக்குக் ‘கஞ்சி வீடு’ என்று பெயர், உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் ஆகாரத்தை வைத்து. நூலைத் தொகுத்த இருவரில் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். யாருக்கு எந்தக் கஞ்சி என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

உள்ளூரில் சொல்லின் மதிப்பு இறங்கியதும் இதே போக்கில்தான். பஞ்சத்திலும் நெசவாளர் பட்டினியிலும் திறந்தவை கஞ்சித் தொட்டிகள். ‘கஞ்சிக்கே வழியில்லை’ என்பது வறுமைக்கு நாம் வைத்திருக்கும் அடிமட்ட அளவு. இத்தனைக்கும் இந்த வட்டாரத்து ஏழை உண்மையில் குடித்தது பெரும்பாலும் கேழ்வரகுக் கூழ். ஆடியில் அம்மன் கோயில்களில் இன்றும் ஊற்றுவது அதைத்தான். கூழுக்கு வினை ஊற்றுவது, கஞ்சிக்குக் காய்ச்சுவது. 

காய்ச்சுகிற கஞ்சியின் உச்சம் நோன்புக் கஞ்சி. நோன்பு என்பது சமண பௌத்த காலம் தொட்டுத் தமிழில் புழங்கும் சொல். அதற்கு அரபிப் பெயரோ பாரசீகப் பெயரோ தேடாமல் தமிழ் முஸ்லிம்கள் இரண்டு பழஞ்சொற்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பச்சரிசியைக் குருணையாக உடைத்துப் பாசிப்பருப்போடு ஊறவைக்க வேண்டும். வெந்தயம் கட்டாயம். பட்டை, கிராம்பு, ஏலம் தாளித்து, வெங்காயமும் இஞ்சி பூண்டு விழுதும் வதங்கியதும் தக்காளி, பிறகு கைமா. கொத்தமல்லி, புதினா கைநிறைய. தண்ணீர் தாராளமாக. குருணை கரைந்து உருத் தெரியாமல் போகும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அடிபிடிக்கும். கடைசியில் தேங்காய்ப்பால். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் தண்ணீர்கூடப் படாத வயிற்றுக்குத் தேவையான நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே குவளையில். பள்ளிவாசலில் பெரிய தேக்சாவில் காய்ச்சி, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊற்றிக் கொடுப்பார்கள். தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் நோன்பாளிகள் அல்ல. இதற்கென அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கத் தொடங்கியது 2001-இல். 2025 ரமலானுக்கு ஒதுக்கியது 7,920 டன் பச்சரிசி.

இனிப்பின் பக்கம் வந்தால் பெயர் பண்டத்தைப் பொறுத்ததாக இல்லை, குடிப்பவரைப் பொறுத்ததாக இருக்கிறது. அரிசி, பால், சர்க்கரை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்தால் இலையில் அது பாயசம்; படுத்திருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தால் பால் கஞ்சி. ஆம்பூர் உருது வீட்டில் கீர். பெருநாளன்று சேமியாவும் பேரீச்சையும் சேர்த்தால் ஷீர் குர்மா. பாயசத்தின் ‘பயஸ்’ வடமொழியில் பால், ‘ஷீர்’ பாரசீகத்தில் பால். கஞ்சி பாலைக் கேட்காது. அது பிறந்தது தண்ணீரில்.

இந்த வட்டாரத்தைச் சொல்லிவிட்டு வேலூரின் சிஎம்சி மருத்துவமனையைச் சொல்லாமல் விட முடியாது. ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய அந்த நிறுவனத்திலிருந்து பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் உழைத்தவர்களும் செய்த ஓர் ஆய்வு 2000-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. காலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல், இன்னொன்றுக்கு அதே கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு, மூன்றாவதற்கு எளிதில் செரிக்காத சோள மாவு 50 கிராம் கலந்து கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவில் பேதி குறைந்தது, சீக்கிரமும் நின்றது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவு பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவால் புளித்து, சிறு கொழுப்பமிலங்களாகி, உப்பையும் நீரையும் உடலுக்குள் இழுக்க உதவுகிறது. ஆறிய சோற்றிலும் இப்படிச் செரிக்காத மாவு கொஞ்சம் கூடும். 1563-இல் ஓர்த்தா கோவாவில் குறித்துவைத்ததும் காலராவுக்கு மாவுநீர்தான். கஞ்சி ஏழைகளின் பண்டம் என்று சொல்கிறவர்கள் இந்த 437 ஆண்டு இடைவெளியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

குக்கர் வந்தபின் வடிப்பது நின்றுபோனது. வடிகஞ்சி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, வேட்டிக்கே பொட்டலத்தில் வாங்கிப் போடுகிறோம். சொல்லின் முதல் பொருள் இன்னும் ஒரு தலைமுறை தாங்கினால் அதிகம். காய்ச்சுகிற பொருளாவது நம் பெயரில் தங்கட்டும். ஆகவே நட்சத்திர ஓட்டல்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பட்டியலில் ‘காஞ்ஜீ’ என்று அச்சடிக்கிறீர்களே, அதைக் கஞ்சி என்றே போடுங்கள். விலையைக்கூடக் குறைக்க வேண்டாம்.