ஆறாவது ஆள் எங்கே? — பரமார்த்த குரு கதையின் பூர்வீகம்

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, ஒரு பழைய கடனைத் தீர்க்க இதுதான் சமயம் என்று தோன்றியது. கடன் ஒரு சிறுவனுக்குப் பட்டது.

சில வருஷங்களுக்கு முன்பு நம் சங்கப் பொங்கல் விழாவில் பிள்ளைகள் பரமார்த்த குரு கதையை நாடகமாகப் போட்டார்கள். ஹிந்தியும் இங்கிலீஷுமாகப் பேசிக்கொண்டு திரிகிற வாண்டுகள், அன்றைக்கு மட்டியும் மடையனும் பேதையும் மிலேச்சனும் மூடனுமாக மேடையேறி, நல்ல தமிழில் வெளுத்து வாங்கினார்கள். சபையில் ஒரே சிரிப்பு. நாடகம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்தார். "இது நம்ம மடங்களையும் குருமார்களையும் கேலி பண்ண ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் எழுதினது. இதைப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கறதா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. சரித்திரம் படித்தவன் என்று பெயர் வாங்கியிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. குரு வேஷம் போட்ட பையன் பிறகு என்னிடம் வந்து, "தாத்தா, நாங்க தப்பு பண்ணிட்டோமா?" என்று கேட்டான். "அப்புறம் சொல்றேண்டா கண்ணா" என்றேன். அந்த 'அப்புறம்' இப்போதுதான் வந்திருக்கிறது.

முதலில் கதையை நினைவுபடுத்திக் கொள்வோம். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறார்கள். 'சுர்' என்று சத்தம் வருகிறது. ஐயையோ, முழித்துக்கொண்டிருக்கிறது! பிறகு அணைந்த கட்டையை வைத்துப் பார்த்து, சத்தம் வராததால் தூங்கிவிட்டது என்று தைரியமாகக் கடக்கிறார்கள். அக்கரையில் ஒருவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஐந்து பேர்தான் வருகிறது. யார் எண்ணினாலும் ஐந்துதான். "ஒருத்தரை ஆறு முழுங்கிடுச்சே!" என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, கையிலிருந்த பணத்தை வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு அடி போட்டு எண்ணுகிறான். ஆறு பேரும் கிடைத்துவிடுகிறார்கள். போனவன் பெரிய மாயவித்தைக்காரன் என்று அவனைக் கொண்டாடிக்கொண்டே நடையைக் கட்டுகிறார்கள்.

பெரியவர் சொன்னதில் ஒரு பாதி சத்தியமான உண்மை. இந்தக் கதைத் தொகுப்பை எழுதியவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்து, 1710-இல் கோவா வந்து இறங்கி, பின்னர் மதுரை மறைபணித் தளத்தில் சேர்ந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் இயேசு சபைத் துறவி. தேம்பாவணி பாடியவரும் சதுரகராதி தொகுத்தவரும் அவரேதான். பேச்சுத் தமிழ் கற்க வேண்டிய ஐரோப்பியப் பாதிரிமார்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று இக்கதைகளை உரைநடையில் எழுதி, லத்தீன் மொழிபெயர்ப்பையும் செய்துவைத்தார். 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் தமிழ் மூலத்தையும் தம் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து லண்டனில் அச்சிட்டார். சென்னையில் உத்தியோகம் பார்த்த அந்த மனிதர் பிற்காலத்தில் டாக்டராகி, தொண்டைக்குள் பார்க்கும் கண்ணாடிக் கருவி ஒன்றையும் செய்தார் என்பது தனிக்கதை. 1826-இல் பாரிஸில் அபே துபுவா வெளியிட்ட பஞ்சதந்திர மொழிபெயர்ப்பு நூலிலும் பரமார்த்த குரு இடம்பெற்றார். ஆக, நம் பாட்டிமார் வாயில் கேட்ட கதை, லண்டனுக்கும் பாரிஸுக்கும் போய் வந்த கதை.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. இங்கிலாந்தில் கோதம் என்று ஒரு ஊர். அந்த ஊர் அசடுகளைப் பற்றிய கதைகளை 16-ஆம் நூற்றாண்டில் தொகுத்திருக்கிறார்கள். அதில் பன்னிரண்டு பேர் மீன் பிடிக்கப் போகிறார்கள். திரும்பும்போது தன்னை விட்டுவிட்டு எண்ணி, பதினொரு பேர்தான் என்று அழுகிறார்கள். குதிரையில் வந்த ஒருவன் பணத்தை வாங்கிக்கொண்டு, சாட்டையால் ஆளுக்கொரு அடி கொடுத்து எண்ணிக் காட்டுகிறான்! அடியும் பணமும்கூட அப்படியே இருக்கின்றன. உலக நாட்டார் கதைகளை வகைபிரித்து எண் கொடுத்த ஆர்னே – தாம்ஸன் அட்டவணையில் இதற்கு 1287 என்று எண். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிற கதைக்கு 1319. உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிற கதைக்கு 1240. அந்தக் கிளை வெட்டும் கதையை நாம் காளிதாசன் மேலும் ஏற்றிச் சொல்கிறோம். வடக்கே ஷேக் சில்லி பெயரில் சொல்கிறார்கள். நம்மில் பலர் அதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாயிலாகவே கேட்டிருப்போம்.

"அப்படியானால் இது வெளியூர்ச் சரக்குதானா?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் என் வாயடைத்துப் போனது.

தன்னை எண்ண மறந்தவன் கதை நம் வேதாந்தத்தில் பிரசித்தம். அதற்குத் 'தசமன்' கதை என்று பெயர். பத்துப் பேர் ஆற்றைக் கடந்து, ஒன்பது பேர்தான் என்று அழுகிறார்கள். "நீயே பத்தாவது ஆள்" என்று ஒருவர் உணர்த்துகிறார். ஆதிசங்கரர் உபதேச சாஹஸ்ரியில் இதை எடுத்தாள்கிறார். சங்கரர் காலத்தை 8-ஆம் நூற்றாண்டு என்று கொண்டால், பெஸ்கிக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முந்தியது. 14-ஆம் நூற்றாண்டு வித்யாரண்யரின் பெயரால் வழங்கும் பஞ்சதசியில் இந்த ஒரு கதையை வைத்தே ஏழு படிகள் விளக்கப்படுகின்றன: அறியாமை, 'பத்தாமவன் இல்லை' என்ற மறைப்பு, அழுகை, 'இருக்கிறான்' என்று பிறர் சொல்லக் கேட்பது, 'நானே அவன்' என்று தெளிவது, துக்கம் தீர்வது, நிறைவு. தமிழிலே கைவல்ய நவநீதமும் இந்த உவமையைச் சொல்கிறது. ரமண மகரிஷியின் உள்ளது நாற்பதிலும் தசமன் வருகிறான்.

சிரிப்பதற்காக நாம் சொன்ன கதை, ஆத்ம ஞானத்துக்குப் பாடமாக இருந்திருக்கிறது! பெஸ்கி இதை எங்கே கேட்டார், தாய்நாட்டிலா, ஏலாக்குறிச்சித் திண்ணையிலா என்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே கதை இந்த மண்ணில் நடமாடியது. அதில் சந்தேகமில்லை.

இனி, பெரியவரின் மனத்தாங்கல். முட்டாள் கூட்டத்துக்கு ஒரு குருவைத் தலைவராக வைத்ததில் கிண்டல் இல்லையா? இருக்கிறது. மழுப்பக் கூடாது. வேற்று மதத் துறவி செய்த கிண்டல் என்பதால் மனசு உறுத்துவதும் நியாயமே. ஆனாலும் சாமியார்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு ஒரு இத்தாலியர் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவர், மத்தவிலாசம் என்று சம்ஸ்கிருதத்தில் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். குடித்துவிட்டுத் தள்ளாடும் காபாலிகர் தம் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, புத்த பிட்சுதான் திருடினார் என்று சண்டை பிடிக்கிறார். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதர் வருகிறார். கடைசியில் பார்த்தால், கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது நாய்! நாடகம் நடக்கும் இடம் அவருடைய தலைநகரான காஞ்சியேதான். குகைக்கோயில் குடைந்த அதே அரசர்தான் இதையும் எழுதினார். நம் திருமூலரும் போலிக் குருவை நம்புகிறவர்களை, குருடரோடு குருடர் சேர்ந்து ஆடிக் குழியில் விழுவதற்கு ஒப்பிட்டார். போலியைச் சிரித்து ஒதுக்குகிறவன்தான் நல்ல குருவை மதிக்கத் தெரிந்தவன் என்பது என் எண்ணம்.

அன்றைக்கு நான் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் அடுத்த வருஷம் பிள்ளைகள் நாடகமே போடவில்லை. சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். அந்தப் பையனின் அப்பாவுக்கு மாற்றல் வந்து, குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். நம் பிழைப்பு அப்படி. ஆளுக்கு ஆள் ஊர் மாறும்போது, எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம் என்று எண்ணிப் பார்க்க நேரமிருப்பதில்லை.

இந்த மலர் எப்படியாவது அவன் கைக்குப் போய்ச் சேரட்டும். கண்ணா, நீங்கள் எந்தத் தப்பும் பண்ணவில்லை. காஞ்சிபுரத்து ராஜா சிரித்த சிரிப்பைத்தான் நீங்களும் சிரித்தீர்கள். அந்த ஊரிலும் ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தால், அடுத்த பொங்கலுக்குத் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொள். அக்கரையில் ஆளை எண்ணும்போது மட்டும் உன்னையும் சேர்த்து எண்ணிக்கொள்.