விறகுத்தொட்டி விழுங்கிய வண்டுகள்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் உளுத்த மரத்தை நம்பி வாழும் வண்டுக்கு இடமில்லை என்றால், பழியைக் கார் தொழிற்சாலைகள் மீது போடுவது எளிது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கியது 1998இல். ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இல். ஆனால் கணக்கைத் தொடங்க வேண்டிய ஆண்டு 1856 என்பேன். அந்த ஜூலையில் ராயபுரத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தொடக்கக் காலத்து எஞ்சின்களுக்குத் தீனி விறகு. அதே ஆண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளரான ஹியூ கிளெகார்னுக்கு ரயில் விறகே ஒரு தலைவலி. கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் பெருகியதும் இந்தப் பசியால்தான். சவுக்கைச் சில ஆண்டுகளிலேயே வெட்டிவிடுவார்கள். அடிக்கட்டையையும் வேரோடு தோண்டி விற்பார்கள். நகரத்து விறகுத்தொட்டிகளும் செங்கல் சூளைகளும் கேட்டதும் அதையேதான். 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் காப்புக்காடுகளை வகுத்தபோதும், பட்டுப்போன மரம் வருவாய்க்கணக்கில்தான் இருந்தது.

வண்டுக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு. பட்ட மரத்தின் பட்டையைப் பெயர்த்தால் ஈரத் தூளும் பூஞ்சை நூலும் தெரியும்; அந்த இடுக்கில் நுழைவதற்கென்றே தட்டையான உடல் கொண்ட பட்டைவண்டுகளும் உண்டு. நெடுங்கொம்பு வண்டுகளில் சிலவற்றின் புழுக்கள் கட்டையைக் குடைந்து தின்று வளர ஆண்டுக்கணக்கில் ஆகும். செத்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். நூறாண்டுக்கு மேல் அது இங்கே கிடக்க விடப்படவில்லை. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கிய பெண்கள்மீது பழி போடுகிறேனா என்று கேட்கலாம். இல்லை. பெரிய புழு வளர்வது சுள்ளியில் அல்ல, அடிமரத்தில். அடிமரம் போனது ரயிலுக்கும் சூளைக்கும்.

தொழிற்சாலைகளை இது விடுவித்துவிடாது. கொட்டகை எழுந்த மண்ணில் இனி மரம் பட்டுப்போகவும் வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், மரவண்டைக் கவனிக்கும் விதியொன்று அவற்றிடம் உண்டு. 1996இல் நியூயார்க்கில் ஆசிய நெடுங்கொம்பு வண்டு பிடிபட்டது. இப்படி வண்டு பொதிமரத்தோடு நாடு தாண்டுவதைத் தடுக்க 2002இல் சர்வதேச விதி வந்தது. ஏற்றுமதிக்கான மரப் பேலட்டின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் நீடிக்க வேண்டும், அல்லது புகைமருந்து போட வேண்டும். அது வண்டைக் கொல்வதற்கு. வாழவிடும் ஆணையும் இருக்கிறது: 2000 பிப்ரவரி 14 அன்று, தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் பட்ட, விழுந்த மரங்களை அகற்ற உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஒரகடத்தைச் சுற்றியுள்ள காப்புக்காடுகள் இந்த இரு வகையிலும் சேரா.