முறைவைத்துக் கழுவிய பாத்திரங்கள்

ஒரே கூரையின்கீழ்ப் பலர் தங்கும்போது முதலில் எழும் வழக்கு எச்சில் பாத்திரத்தைப் பற்றியதாகவே இருக்கும். விடுதி வாழ்வை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவ்வழக்கைக் காந்தியடிகள் இருமுறை எதிர்கொண்டார். முதன்முறை தோற்றார் என்றே நாம் கருதுகிறோம்.

அது 1898ஆம் ஆண்டு. டர்பன் நகரில் வழக்கறிஞராயிருந்த அவருடைய இல்லத்தில் அலுவலக எழுத்தர்களும் உடன் தங்கினர். குசராத்தியரும் தமிழரும், இந்துக்களும் கிறித்தவரும் அவர்களுள் இருந்தனர். மேனாட்டுப் பாணியில் கட்டிய வீடு. அறைகளில் கழிவுநீர் வெளியேற வழியில்லை. ஆதலால் அறைதோறும் சிறுநீர்ச் சட்டி வைத்திருந்தனர். பழகிய எழுத்தர்கள் தம் சட்டியைத் தாமே கழுவினர். புதிதாய் வந்தவருடையதைக் கழுவும் கடமை காந்திக்கும் கஸ்தூரிபாவுக்கும் உரியதாயிற்று. அப்படி வந்த ஒருவர், பஞ்சமர் எனப்பட்ட குடியில் பிறந்த கிறித்தவர். கஸ்தூரிபா கண்ணீரோடு அச்சட்டியை எடுத்துச் சென்றார். அழாமல் மகிழ்ச்சியோடு செய்யவேண்டும் என்று கணவர் சினந்தார். மனைவியின் கையைப் பற்றி இழுத்து வாயில்வரை கொண்டுசென்றார். பின்னாளில் ‘சத்திய சோதனை’யில் இதனை வெட்கத்துடன் எழுதியிருக்கிறார். சாதி இழிவு கருதிய கஸ்தூரிபாவின் தயக்கத்தை நாம் போற்றவில்லை. ஆனால் அவ்வீட்டின் விதியை வகுத்தவர் ஒருவர்; அதைச் சுமந்தவர்களுள் ஒருவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்குப் புகலிடம் தேவைப்பட்டது. 1910ஆம் ஆண்டு ஹெர்மன் காலன்பாக், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவிலிருந்த தம் 1100 ஏக்கர் நிலத்தை அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. தமிழர், தெலுங்கர், குசராத்தியர், வடநாட்டார் எனப் பலரும் அங்கு வாழ்ந்தனர். இந்து, இசுலாமியர், பார்சி, கிறித்தவர் என்ற வேறுபாடும் உண்டு. சமையலறையோ ஒன்றே, உணவும் ஒரே பந்தியில். வேலைக்காரர் எவருமில்லை, சமையல் முதல் கழிவகற்றல்வரை எல்லாம் தம் கையாலேயே செய்வதென்று முடிவாயிற்று.

இங்குதான் நாம் சற்று நிற்கவேண்டும். உண்ட தட்டை அவரவர் கழுவவேண்டும். பொதுப் பாத்திரங்களைக் குழு குழுவாக முறைவைத்துத் துலக்கவேண்டும். தனக்குரியது எது, எல்லோர்க்கும் உரியது எது என்ற கோடு இதனால் தெளிவாயிற்று. டர்பன் வீட்டில் இல்லாதிருந்தது இந்தக் கோடே. ஒருவர் மனநிலையை மற்றவர் அளக்கவேண்டிய தேவையும் நீங்கியது. அழுதுகொண்டு துலக்கினாலும் முறை முறைதான்! மலத்தை ஒன்றரை அடி ஆழச் சதுரக் குழியிலிட்டுத் தோண்டிய மண்ணாலேயே மூடினர். காய்கறிக் கழிவு எருவாயிற்று. பயன்படுத்திய நீர் மரங்களுக்குப் பாய்ந்தது.

எனினும் அடுப்படிக்கு அந்த முறை வந்து சேரவில்லை. அங்கிருந்த பெண்கள் ஏறத்தாழ ஐவர், இளைஞர்களோ நாற்பதின்மர். சமையலறைப் பொறுப்பு பெண்களுக்கே என்றும், ஆண்களில் ஓரிருவர் துணைபுரிவர் என்றும் வகுத்தனர். டர்பன் நிகழ்ச்சிக்கு அத்துணை வருந்தியவர், தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றை எழுதும்போது, இந்த ஏற்பாட்டை இயல்பான ஒன்றாகவே சொல்லிச் செல்கிறார்.