வரைபடமும் வனமும்: ஒரு வரலாற்று நோக்கு

உயிர்ப் பல்வகைமைப் பாதுகாப்பிற் செய்மதிப் படங்களும் புவியியல் தகவல் முறைமைகளும் பெற்றுள்ள இடம் பற்றிப் பேசப்படும்பொழுது, அவை வர்க்க நலன்களுக்கு அப்பாற்பட்ட வெறுங் கருவிகளாகவே பெரும்பாலுங் கொள்ளப்படுகின்றன. வரைபடம் யாருடைய கையில், எத்தேவைக்காகத் தோன்றிற்று என்னும் வினாவை எழுப்பாது இக்கருத்தை நாம் ஏற்றல் இயலாது.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 இல் நிறுவப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடுகளையும் தரிசுகளையும் பயிரிடப்படாத காணிகளையும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவாகக் கொண்டது. சேனை நிலங்களையும் அது விட்டுவைக்கவில்லை. சிறிது காலம் பயிரிட்டுப் பல ஆண்டுகள் காடு வளரவிடுவது சேனையின் இயல்பு. ஓய்விலிருக்கும் நிலத்தை ஆளற்ற நிலமாகக் காண்பது சட்டத்தின் இயல்பு. உறுதியற்ற குடியானவன் தன் உரிமையை நிரூபிக்கவேண்டியவனானான். அளந்து எல்லையிடப்பட்ட நிலமோ கோப்பித் துரைமாருக்கு விற்பனையாயிற்று. தாவரவியலாளர் ஹூக்கர் 1873 இல் வற்புறுத்தியதையடுத்து 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தல் தடைசெய்யப்பட்டபொழுது, அதற்குக் கீழிருந்த மலைக்காட்டின் பெரும்பகுதி தோட்டமாகிவிட்டிருந்தது. அழித்த ஆட்சியே காவலனாகவும் வந்தமை இங்கு மனங்கொளத்தக்கது.

விமானப்படங்களைக் கொண்டு 1956 இல் மதிப்பிட்டபொழுது நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 சதவீதம் அடர்காடாயிருந்தது. 1990களின் முற்பகுதியிற் செய்மதிப் படங்களைக் கொண்டு மதிப்பிட்டபொழுது அது 24 சதவீதமளவில் நின்றது. எண்கள் இழப்பைக் கூறுகின்றன, காரணத்தைக் கூறுவனவல்ல. 1977 க்குப் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் விழுங்கிய காடு சிறிதன்று. ஆயினும் பழி, வழக்கம்போல, சேனைக்காரன் தலையிலேயே விழுந்தது. லான்ட்சாட் செய்மதி 1972 இல் ஏவப்பட்டது. அக்காலத்திலேதான் சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கொண்டு மரந்தறித்தல் தொடங்கிற்று. 1977 இல் அதனை நிறுத்தச் செய்தது மக்களின் எதிர்ப்பேயன்றி விண்ணிலிருந்து எடுத்த படமன்று.

அண்மைக் காலத்து முசலிப் பிரச்சினை இன்னுஞ் சிக்கலானது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். மறிச்சுக்கட்டி, பாலைக்குளி, கரடிக்குளி ஆகிய ஊர்கள் வெறுமையாயின. இரு தசாப்தங்களில் அவர்தம் காணிகளிற் காடு மண்டிற்று. போர் முடிந்து மக்கள் மீளத் தொடங்கியிருந்த வேளையில், 2012 இல், அப்பகுதி நிலங்களை ஒதுக்கிய வனமாக அறிவிக்கும் வர்த்தமானி வெளிவந்தது. களத்துக்கு வராமலே கருவிகளால் எல்லையிடப்பட்டதென அம்மக்கள் குற்றஞ்சாட்டினர். சூழலியலாளரோ மீள்குடியேற்றத்தின் பெயராற் பழங்காடும் அழிக்கப்பட்டதென வாதிட்டனர். இரண்டிலும் உண்மை இருத்தல் கூடும். தனியொரு படத்தில், துரத்தப்பட்டவன் வயலில் முளைத்த பற்றையும் பழங்காடும் பச்சையாகவே தெரிகின்றன.

எனினும் கருவியைத் தூக்கியெறிதல் எமது நோக்கமன்று. லான்ட்சாட்டின் பழைய படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. 1990 க்கு முன் எது வயல், எது வனம் என்பதை அவற்றோடு ஒப்பிட்டு ஓரளவு தெளியலாம். கிணற்றையும் பள்ளிவாசலையும் மையவாடியையும் காண மண்ணில் நடக்கவே வேண்டும். இந்தோனேசியாவின் களிமந்தானில் 1990களிற் கிராமத்தவர் தம் வழக்காற்றுக் காணிகளைத் தாமே வரைந்து அரசின் வனப்படங்களுக்கு எதிரே வைத்தனர். முசலியில் அத்தகைய படமொன்றை வரைவதற்கு வேண்டிய உறுதிகளும் குளப்பெயர்களும் முதியோரின் நினைவில், அகதி முகாம்களில் கழிந்த ஆண்டுகளையுந் தாண்டி, எஞ்சியிருக்கின்றன.