வெற்றிலையும் சுவரும்

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12 சேர்க்கப்பட்டன. அதில் தமிழ்நாட்டிலிருந்து ஒன்றே ஒன்று, செஞ்சி. ராஜகிரி ஏறுகிற எல்லாருக்கும் தேசிங்கு ராஜன் கதை தெரியும். அவனுக்கு நூறு வருஷத்துக்கும் முன்னால் இதே ஊருக்குள் விருந்தாளிகளாக வந்த கிறிஸ்தவப் பாதிரிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

வந்தவர்களில் முக்கியமானவர் நிக்கோலாவ் பிமெண்டா. சேசு சபைத் துறவி. சபையின் பணிகளைப் பார்வையிட வந்தவர் 1597 வாக்கில் செஞ்சிக்கு வருகிறார். இந்தியாவில் தான் பார்த்த ஊர்களிலேயே பெரியது இதுதான், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இவ்வளவு பெரிய நகரம் கிடையாது என்று எழுதிவைத்தார்.

அப்போது செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். பட்டு விரிப்பில் இரண்டு திண்டுகளில் சாய்ந்து, மார்பில் முத்துமாலையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிராமணர்கள். பாதிரிகளுக்கு வெற்றிலை கொடுத்தார். அவர்கள் மெல்லவில்லை. நம்ம ஊரில் தாம்பூலத்தை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் இருப்பது சின்ன விஷயமா என்ன? நாயக்கர் ஆச்சரியப்பட்டார், ஆனால் கோபப்படவில்லை. பொன் சரிகைத் துணிகளைக் கொடுத்து அனுப்பினார். தான் கட்டிக்கொண்டிருக்கும் புது ஊருக்கு ஒரு பாதிரியாரை அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு நாயக்கரைச் சகிப்புத்தன்மையின் உருவமாக்கிவிட வேண்டாம். சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சன்னதிக்கு அவர் செய்த திருப்பணியை எதிர்த்துக் கோயில் அர்ச்சகர்கள் சிலர் கோபுரத்திலிருந்து குதித்துச் செத்தார்கள், நாயக்கர் தன் வேலையை நிறுத்தவில்லை என்று எழுதியவரும் இதே பிமெண்டாதான். கடற்கரையும் கப்பலும் போர்ச்சுகீசியர் கையில் இருந்த காலம் அது. அவர்களுடைய பாதிரிகளை நன்றாக நடத்துவதில் ராஜாவுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. பலம் உள்ளவரை வரவேற்பது எப்போதுமே சுலபம்.

பாதிரிகளே வரவேற்கிற இடத்துக்கு வந்தபோது என்ன செய்தார்கள்? அதற்குச் செஞ்சியிலிருந்து கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் கிழக்கே, புதுச்சேரிக்குப் போக வேண்டும். 1750-இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களின் தலைநகர் அது.

அங்கே சேசு சபையார் நடத்திய சம்பா கோயிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் கிறிஸ்தவர் இல்லை, ஆனால் ஊரில் நடக்கிற ஒன்றையும் விடாமல் எழுதுகிற மனுஷர். பறையர் கிறிஸ்தவர்கள் திரண்டுபோய்ப் பாதிரியாரிடம் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, அப்புறம் எதற்கு இந்தச் சுவர் என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துக் கிளம்பினார்கள்.

அந்தச் சுவரை ஏன் கட்டினார்கள் என்று யோசித்தால் ஒன்று புரியும். அதுவும் ஒருவகை வரவேற்புதான். மேல்சாதியினர் தயங்காமல் உள்ளே வர வேண்டும், தங்கள் வழக்கம் எதுவும் கெடாது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கான ஏற்பாடு. ஒருத்தருக்கு விரித்த பாய்க்கான விலையை இன்னொருத்தர் கொடுத்தார். அந்த விலை கோயிலோடு நிற்கவில்லை. 1704-இல் ரோமிலிருந்து வந்த தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குப் போய்க் கடைசிச் சடங்கு செய்யப் பாதிரிகள் மறுக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதே போதும், மீதியை நாம் புரிந்துகொள்ளலாம்.

1745-இல் கேள்வி கேட்டவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறை கோயிலுக்கு வந்தவர்கள் இல்லை. ஞானஸ்நானம் வாங்கியவர்கள், வாராவாரம் வந்தவர்கள். ஆனாலும் சுவர் இருந்தவரை அவர்கள் அந்நியர்களாகவே இருந்தார்கள். பிமெண்டாவோ விருந்தாளியாக வந்து சரிகைத் துணி வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு சுவர் விழுந்ததோடு கதை முடியவில்லை. 1872-இல் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கட்டிய கோயிலின் அமைப்பே இரண்டாகப் பிரிந்திருந்தது. கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு நீண்ட கூடங்கள், அவை சேருகிற இடத்தில் பீடம். ஆளுக்கொரு கால். பூசை ஒன்று, சாமியார் ஒருத்தர், ஆனால் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நடுச்சுவரை இடிக்க 1910 வரை ஆனது. அதற்கும் வழக்கும் சண்டையும் நடந்தன.

இன்று பல சபைகளில் வாசலில் ஆள் நிறுத்துகிறார்கள். கைகுலுக்குகிறார்கள், ஆராதனை முடிந்ததும் டீ தருகிறார்கள். நல்ல பழக்கம், கிண்டல் பண்ண ஒன்றுமில்லை. ஆனால் டீ குடிக்கும்போது யாராவது கேட்பார்கள்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "ஊர்ல எந்தப் பக்கம்?"

அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். செங்கல் இல்லாமல் சுவர் எழுவது அங்கேதான். அந்தக் கேள்வியைக் கேட்காமல் பக்கத்து நாற்காலியைக் காட்டி "இங்க உட்காருங்க" என்று சொல்லிவிட்டால் போதும். 1745-இல் புதுச்சேரியில் கேட்டதும் அவ்வளவுதான்.