சட்டாம்பிள்ளை முதல் அப்ரண்டிஸ் வரை: இளையோர் வழிகாட்டலும் சென்னையின் மேற்குப் புறநகரும்

ஆய்வுப் பொருள்

போரூரிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில் இருக்கிறது காட்டுப்பாக்கம். அதற்கு வடக்கே உள்ள அம்பத்தூரும் ஆவடியும் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர்கள். 'யாரிடம் வேலை பழகினாய்?' என்பது இவ்வட்டாரப் பட்டறைகளுக்குப் பழகிய கேள்வி. மூத்தவரின் வழிகாட்டல் இளையோருக்கு நெடுங்காலம் பயன்தர, அந்த உறவு நீடிக்க வேண்டும். கற்றவர் பிறருக்குக் கற்பிக்கவும் வாய்ப்பு வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

திண்ணையும் எழும்பூரும்

திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர். பிள்ளைகளோ பல வயதினர். பாடத்தில் முந்திய சட்டாம்பிள்ளை இளையவர்களைப் படிக்கவைத்துப் பாடம் ஒப்புவிக்கச் செய்வான். 1789இல் எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அம்முறையை ஏற்காததால், எட்டு வயது மாணவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். கற்பிக்கும் பிள்ளையே நன்றாகக் கற்கிறான் என்பது அவர் வாதம். 1797இல் அவருடைய அறிக்கை லண்டனில் வெளிவந்தபின் இது 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றது. ஆனால் ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கானோரை மலிவாகப் படிக்கவைக்கும் வழியாகவே இங்கிலாந்து அதைப் பெரிதும் கையாண்டது. அந்தக் கூட்டத்தில் திண்ணையின் நெருக்கம் போய்விட்டது.

1961

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்ட 1961இலேயே, தொழில் பழகுநர் சட்டமும் இயற்றப்பட்டது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. தொழில் பழகுநர் சட்டம் வரும்வரை மேஸ்திரியின் விருப்பத்தைப் பொறுத்திருந்த உறவுக்கு அச்சட்டத்தால் ஒப்பந்தம், பாடத்திட்டம், உதவித்தொகை, கால அளவு எல்லாம் அமைந்தன. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை.

சட்டத்தால் எழுதிவைக்க முடியாத பகுதி ஒன்றும் உண்டு. புதிதாகச் சேர்ந்த ஃபிட்டர் அப்ரண்டிஸுக்கு முதலில் கிடைப்பவை அரமும், வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டும்தான். ராவிய முகத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டுவார் மூத்தவர். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். பையனின் முழங்கை எங்கே தாழ்கிறது, அரம் எங்கே சாய்கிறது என்று பார்த்துத் திருத்துவதற்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். அதுவும் பல நாள் நிற்க வேண்டும்.

காலம் என்னும் அளவுகோல்

இளையோருக்குத் தன்னார்வ வழிகாட்டிகளை அமர்த்தும் அமெரிக்காவின் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' திட்டத்தை ஆராய்ந்து கிராஸ்மனும் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, உறவு நீடிக்க வேண்டும் என்ற கருதுகோளுக்கு வலுச்சேர்க்கிறது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளே அதிகப் பயன் தந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் இளையோரின் தன்மதிப்பு குறையவே செய்தது. தமிழ்நாட்டில் அகரம் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய 'விதை' திட்டம், முதல் தலைமுறை மாணவருக்குக் கல்லூரிக் காலத்தில் தன்னார்வலர்களை வழிகாட்டிகளாக அமர்த்துகிறது. அதில் படித்து வந்தவர்கள் பின்னாளில் தாமே தன்னார்வலர்களாகத் திரும்புகிறார்கள். சட்டாம்பிள்ளை மரபின் தொடர்ச்சியாகவே இதைக் கொள்ளலாம்.

முடிவுரை

பயிற்சி முடித்தவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர் என்ற கணக்குகள் வழிகாட்டலின் முதல் பலனை மட்டுமே காட்டும். பத்தாண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் இன்னொரு பையனின் கையில் அரத்தைக் கொடுத்துப் பக்கத்தில் நின்றார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.